முகம் தெரிகிறது என்றாள்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக்கல் மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று பத்துமலையுடையது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் வாசலில் நிற்கும் லாரியைக் காட்டுவார். குவாரி முதலாளியுடைய, கல் ஏற்றிப் போகும் லாரி. ஆயுசில் பாதி அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் போயிற்று.

தங்கை புஷ்பலதா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டி இல்லாமல், ஒரு துணிப்பையும் தையல் மெஷினுமாக வந்து இறங்கியபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுத் தன் சாமான்களைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. தூண்டில் முள் போட்டு வைக்கிற, கட்டம் கட்டமாகத் தடுத்த பெட்டி. திறந்து பார்த்த புஷ்பலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கருகிய புளியங்கொட்டை மாதிரி ஏதோ கிடந்தது.

“என்னண்ணே இது, துருப்புடிச்ச ஆணித் தலையா?”

“ரோமாபுரிக் காசு” என்றார் பத்துமலை, கொஞ்சம் வெட்கத்தோடு.

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழஞ்சாமான் சந்தையில் சோங் என்ற சீனக் கிழவர் கடை போடுவார். பழைய கடிகாரம், பீங்கான் கோப்பை, ஜப்பான்காரன் காலத்து நோட்டு. ஓரமாக ஒரு தட்டில் இந்தக் காசுகள். எங்கிருந்தோ கிலோக் கணக்கில் வாங்கி வந்தவற்றில், நல்லதையெல்லாம் வசதிக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய கழிசடை. பத்துமலைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“நல்லா மினுமினுன்னு இருக்கிற காசெல்லாம் எவனோ பயந்தாங்கொள்ளி மண்ணுல பொதைச்சு வெச்சது” என்று அவளுக்கு விளக்கினார். “செலவே ஆகல. இது பாரு, ரொட்டிக் கடைக்குப் போயிருக்கு, சாராயக் கடைக்குப் போயிருக்கு, எவனாச்சும் சூதாட்டத்துல வெச்சுத் தோத்திருப்பான். ஒழைச்ச காசு லா இது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாயங்காலங்களில் குளித்துவிட்டு, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே பூதக்கண்ணாடியோடு அவர் உட்காரும்போது அவளும் பக்கத்தில் வந்து உட்காரப் பழகிக்கொண்டாள். “ரெண்டு சிப்பாய் நிக்கிறான் பாரு, நடுவுல கொடிக்கம்பம்” என்பார். அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. “அவசரப்படாத. சாய்ச்சுப் புடி. வெளிச்சம் வழுக்கிக்கிட்டுப் போகணும்.” ஒருநாள் அப்படிச் சாய்த்துக்கொண்டிருந்தபோது கறுப்புக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது. பிறகு ஒரு முழங்கால், ஈட்டி, தொப்பி. “அய்யோ, நிக்கிறான்!” என்று அவள் கத்தினாள். பத்துமலை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவருக்கு முன்பே இருந்தது. லாரிக்காரர்களின் சாப்பாடும் தூக்கமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். லேசர் பிடித்தார்கள். முதலில் வலது கண் போயிற்று, பிறகு மெல்ல மெல்ல இடது. முதலாளியிடம் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று புஷ்பலதாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். லாரிக் கதவைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, “சரி, போலாம்” என்றார்.

காசுகளை அவர் விடவில்லை. விரலால் படித்தார். கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டி, “சிறகு வெச்ச பொம்பள, கையில மாலை” என்று சொல்லுவார்; அவள் வெளிச்சத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வியாதி விரலையும் விட்டு வைக்கவில்லை. ஒருநாள் சுடுதேநீர்க் கோப்பையைச் சுடுகிறது என்றே தெரியாமல் பிடித்திருந்து கை கொப்பளித்துப்போனது. அதற்குப் பிறகு காசைத் தொட்டால் ஒரு வட்டம் இருக்கிறது என்பதற்கு மேல் விரல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோங்கின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“என்ன இருக்கு, லதா?”

அவள் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெறும் செம்பு. “ஒண்ணும் இல்லண்ணே.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். மழமழன்னு இருக்கு.”

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கை அணைத்த மாதிரி இறங்கிப்போயிற்று. மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அதே தட்டு, அதே கேள்வி. அவள் கையில் இருந்த காசிலும் ஒன்றும் இல்லை.

“முகம் தெரியுது” என்றாள் புஷ்பலதா.

“முகமா? எந்தப் பக்கம் பாக்குது?”

“வலது பக்கம்.”

“கிரீடம் முள்ளு முள்ளா நிக்குதா, இல்ல நாடா கட்டின மாதிரியா?”

“முள்ளு முள்ளா.”

“தாடி?”

“இருக்குண்ணே. குட்டையா வெட்டின தாடி.”

“அடடா! சூரியக் கிரீடம் லா அது!” பத்துமலை காசை வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். சோங் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் தட்டில் என்ன இருந்தது என்று தெரியும். துணியை எடுத்துக் கடிகாரத்தைத் துடைக்கத் தொடங்கினார். அன்றைக்கு அண்ணன் மீன்குழம்பை இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார்.

உறுத்தல் முதலில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அது போய், அவளுக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. அவள் ஈப்போவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். மலை மாதிரி குவிந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ராஜாக்களைத் தயார் செய்வாள். ஒருவனுக்குப் பருத்த கழுத்து. ஒருவனுக்குச் சப்பைக் காது. ஒருவனுக்குச் செத்துப்போன தன் புருஷனின் மூக்கையே வைத்துவிட்டாள். பத்துமலை கைபேசியைப் பேசவைத்து அந்த அடையாளங்களை வைத்துத் தேடுவார். ஏதாவது ஒரு பெயர் கிடைக்கும். அவள் ஒவ்வொரு காசையும் அவர் சொன்ன கட்டத்தில் வைப்பாள். முதல் கட்டத்தில் சூரியக் கிரீடக்காரர்கள், அடுத்ததில் நாடா கட்டியவர்கள், கடைசியில் பின்பக்கம் கோட்டை வாசல் உள்ளவை.

பொய் அந்தப் பெட்டியோடு நிற்கவில்லை. சுங்காயில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அவர்கள் பிறந்த தோட்டத்து முனையைத் தாண்டிக் கார் போயிற்று. “கோயில் தெரியுதா?” என்று கேட்டார். ரப்பர் பால் வெட்டிய கித்தா மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போயிருந்தது. சிவப்பு மண்ணைச் சமன்படுத்தி ஒரு பெரிய தகரக் கிடங்கு கட்டியிருந்தார்கள். மாரியம்மன் கோயில் இருந்த இடம் எதுவென்றே சொல்ல முடியவில்லை. “தெரியுதுண்ணே. கோபுரத்துக்குப் புதுசா நீலம் அடிச்சிருக்காங்க” என்றாள். அவ்வளவு எளிதாக வந்தது வாயில். பத்துமலை சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் காரை ஓட்டிக்கொண்டிருந்த அந்தச் சடக்குச் சாலை முடியும் மட்டும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

பிறகு கால். செருப்பு கடித்தது அவருக்கு உறைக்கவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம், உடைந்து புண்ணாயிற்று. அவள் தினமும் கழுவி மருந்து போட்டாள்.

“காஞ்சிருச்சா?”

“காஞ்சுக்கிட்டு வருதுண்ணே.”

விரல் நுனி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கிளினிக் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை எதற்கு அவரைப் பயமுறுத்துவது என்று நினைத்தாள்.

அப்போதுதான் பிரஷாந்தன் என்ற பல் டாக்டர் போன் செய்தார். சிலோன்காரக் குடும்பம், ஈப்போவில் கிளினிக் வைத்திருந்தார். அவருக்கும் ரோமாபுரிக் காசுப் பைத்தியம். குனோங் ராபாட்டில் ஒரு ஆள் தேய்ந்த காசாகப் பார்த்துச் சேர்க்கிறார் என்று சோங் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

பத்துமலைக்குத் தலைகால் புரியவில்லை. தன் காசைப் பார்க்க வீடு தேடி ஒருவர் வருவது இதுவே முதல் தடவை. சட்டையைத் தேய்க்கச் சொன்னார். பெட்டியைத் துடைக்கச் சொன்னார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்தால் எல்லாம் வெளியாகிவிடும் என்று புஷ்பலதாவுக்குத் தெரியும். வாசலிலேயே டாக்டரை மறித்து, விஷயத்தைக் காதில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். வருகிறவருக்குக் கொடுக்கக் கறிப்பப் பலகாரம் வாங்கலாம் என்று சந்துமுனைக் கடைக்குப் போனாள். பொரிந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் இரு என்றாள் கடைக்காரி. பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

உள்ளே பெட்டி திறந்திருந்தது. டாக்டர் சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கியிருந்தார். பத்துமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“அந்த ஓரத்துக் கட்டம் சூரியக் கிரீடம் டாக்டர். குட்டைத் தாடி, நெஞ்சுல கவசம். அதுக்குப் பக்கத்துல ஒருத்தன் இருப்பான், கழுத்து பருத்தவன், என் தங்கச்சிக்கு அவனப் பாத்தாலே சிரிப்பு.”

டாக்டர் காசைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். கெட்ட மனிதர் இல்லை. தான் வேறு காசை எடுத்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும்.

“இதில ஒண்டும் தெரியேல்லையே அங்கிள்” என்றார் தயக்கமாக. “முழுக்கத் தேஞ்சு போச்சு. இதுவும் அப்படித்தான். இந்தக் கட்டத்தில இருக்கிறது எல்லாமே…”

அதற்குள் நிமிர்ந்தவர் கதவோரம் நின்ற புஷ்பலதாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். பேச்சை அங்கேயே நிறுத்தினார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“உக்காருங்க டாக்டர், டீ சாப்புடுங்க” என்றார் பத்துமலை. குரலில் ஒன்றும் இல்லை. டாக்டர் எப்படியோ பேச்சை மாற்றி, கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் ரோமாபுரிக் காசு கிடைப்பதைப் பற்றிச் சொன்னார். பத்துமலை தலையை ஆட்டினார். கறிப்பப்பை யாரும் தொடவில்லை.

கார் போன சத்தம் அடங்கியதும் கேட்டார். “எல்லாமேவா?”

“இல்லண்ணே. பழசு, நீங்களே பாத்து வாங்கினது எல்லாம் நெசம்.”

“நீ பாத்துச் சொன்னது?”

அவள் கறிப்பப் தட்டை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.

பிறகு அவர் முகம் சட்டென்று அவள் இருந்த பக்கம் திரும்பியது.

“கோயில்?”

புஷ்பலதா அழத் தொடங்கினாள்.

“அப்ப நா எதைக் கும்பிட்டேன், லதா?”

கிடங்கைத்தான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் அதையும் வற்புறுத்தவில்லை. அவர் அடுத்துக் கேட்டது காலைப் பற்றி. அதற்கு மட்டும் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். விரல் கறுத்துவிட்டது, நுனி செத்த மாதிரி இருக்கிறது, வாடையும் வருகிறது.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள். அது போதவில்லை என்று பாதத்தில் பாதியை எடுத்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடுமே என்று பயந்தாள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தர்மா என்றொரு கார் மெக்கானிக் படுத்திருந்தான். ஒருநாள் அவள் கஞ்சி பிளாஸ்க்கோடு உள்ளே நுழையும்போது அண்ணன் குரல் கேட்டது.

“தர்மா, கட்டுப் பிரிச்சப்ப பாத்தியா? எதுவரைக்கும் வெட்டியிருக்காங்க?”

“பாதி பாதம் அண்ணே. குதிகால் நல்லாத்தான் இருக்கு.”

“தையல் சுத்தமா இருக்கா?”

“இருக்கு அண்ணே.”

இதையே அவள் காலையில் சொல்லியிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை இதையே. பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னாலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “சோறு போடு”, “தண்ணி கொடு”, “கதவைச் சாத்து” எல்லாம் உண்டு. எப்படி இருக்கிறது என்று மட்டும் அவளைக் கேட்பதில்லை. சட்டை என்ன நிறம் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஷாமினி டீச்சரைக் கேட்பார். மழை இருட்டுகிறதா என்று கேஸ் கொண்டுவருகிறவனைக் கேட்பார். புஷ்பலதா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தாங்காமல் அவர் காலடியில் உட்கார்ந்தாள். “அண்ணே, நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான்…”

“தெரியும் லா.”

“கோவமாண்ணே?”

“கோவம் இல்ல.” நிதானமாகச் சொன்னார். “எனக்கு இந்த ஒலகம் உன் வாய் வழியாத்தான் வந்துச்சு. இப்ப நீ எது சொன்னாலும் இது நெசமா, எனக்காகச் சொல்றியான்னுதான் தோணுது. எனக்கும் ஆசையா, இப்படி இருக்க?”



பிரஷாந்தன் மறுபடியும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “நான் சொல்லியிருக்கப்படாது அக்கா” என்றார் தணிந்த குரலில். “நீங்க என்ன செஞ்சீங்க டாக்டர்” என்றாள் அவள். பத்துமலை அவரிடம் ஒரு உதவி கேட்டார். பெட்டியில் இருப்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஏதாவது தெரிகிற காசு ஒரு பக்கம், ஒன்றுமே தெரியாதது ஒரு பக்கம். டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து பிரித்தார். முடிந்ததும் பத்துமலை சொன்னார்.

“தெரியிறத நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க.”

டாக்டர் திகைத்துப் போனார். “அங்கிள், இது நீங்கள் கண்ணால பார்த்துச் சேர்த்தது.”

“அதுக்கெல்லாம் கூட இருந்து ஒருத்தர் சொல்லணும் டாக்டர். இந்த வெறுங்காசு போதும் எனக்கு. இதுல என்ன இருக்குன்னு யாரும் சொல்லத் தேவையில்ல.”

வெறும் காசுகளைப் பழைய பெட்டியிலேயே போட்டு மடியில் வைத்துக்கொண்டார். மரத்துப்போன விரலால் அவற்றை அளைந்துகொண்டு மத்தியானங்களைப் போக்கினார். அடுப்படியில் நிற்கும்போது அந்தக் கலகல சத்தம் அவளுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் போவது நின்றுபோயிற்று.

அந்த வருஷம் அடைமழைக் காலத்தில் சிறுநீரகமும் கைவிட்டது. கால் வீங்கி, மூச்சு இரைத்து, திரும்பவும் அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஒரு சாயங்காலம் அவள் விரிப்பைச் சரி செய்துகொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

“லதா, என் மூஞ்சி எப்படி இருக்கு?”

இத்தனை மாதங்களுக்குப் பிறகு அவளிடம் கேட்ட முதல் கேள்வி. கேட்க வேறு ஆள் இல்லாததாலா, இல்லை, அவளிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியதாலா? அவளுக்குத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“ரொம்ப எளைச்சுட்டீங்கண்ணே. கண்ணு உள்ள போயிருச்சு. கன்னத்து எலும்பு தள்ளிக்கிட்டு நிக்குது. ஒதடு வெளுத்துக் கெடக்கு. தாடி பூரா வெள்ளையா வளந்திருக்கு.”

அவர் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“ம்” என்றார்.

“நம்புறீங்களாண்ணே?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் குழாயை மாட்டினாள். அதற்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாப்பாவிலிருந்து அன்னம்மா சித்தி வந்திருந்தாள். பத்துமலையைத் தூக்கி வளர்த்தவள். நடக்க முடியாததால் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுது ஓய்ந்த பிறகு புஷ்பலதாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“நீதானடி கூட இருந்த. எம் புள்ள நிம்மதியாப் போனானா?”

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என்ன பதில் வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தூங்குற மாதிரி போனாரு சித்தி. ஒரே ஒரு வரி. கிழவி அதை வாங்கிக்கொண்டு தாப்பாவுக்குப் போய் மிச்ச நாளைக் கழித்துவிடுவாள். அந்த வரி புஷ்பலதாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“இல்ல சித்தி” என்றாள். “ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் போனாரு. மூச்சுக்குத் தவிச்சாரு. என் கைய இறுக்கிப் புடிச்சிருந்தாரு.”

கிழவி அவள் கையை உதறினாள். ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடியும் பெருங்குரலெடுத்து அழுதாள். “வயசானவங்ககிட்ட இப்படியா சொல்லுவாங்க” என்று யாரோ முணுமுணுத்தார்கள். புஷ்பலதா எழுந்திருக்கவில்லை, சித்தியின் முதுகைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செய்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் காரில் ஏறும்போது சித்தி அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள். புஷ்பலதா வாசலில் நின்று கார் திரும்புவதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட இலைகளை எடுக்க உள்ளே போனாள்.